அப்பாவைப் பேசவைத்த கல்யாணம்

என் அப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, போன ஆவணியில், பொன்னமராவதி மண்டபத்தில் நடந்த என் தம்பி மகள் கல்யாணத்தில் வாய் திறந்து பேசினார். வீடியோக்காரர்களின் புதுச் சரக்கு இது. விலைப்பட்டியலில் ட்ரோன், ஆல்பம், அதற்கு அடுத்த வரியில் ‘ஏஐ ஆசீர்வாதம்’. ஒரு போட்டோவும் பழைய குரல் பதிவும் கொடுத்தால் போதும், செத்தவர் திரைக்கு வந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் இப்போது இது இல்லாத கல்யாணத்தைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கிறார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெரிய திரையில் அப்பா சிரித்தார். நாற்பது வருடம் இரும்புக் கடை வைத்திருந்தவருக்குப் பல்லெல்லாம் புகையிலைக் கறை. திரையில் பற்பசை விளம்பர வெள்ளை. “இங்கிட்டு வா” என்பதற்கு மேல் யாரையும் கொஞ்சாத மனிதர், செய்தி வாசிக்கிற தமிழில் மணமக்கள் நீடூழி வாழ்க என்றார். சொந்தக்காரர்கள் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தார்கள். அவர் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத கூட்டம்.

பிறகு அந்தத் திரை அப்பா என்னிடம் வந்தார். “என் மூத்த மகளே, உன்னை மனதார மன்னித்துவிட்டேன். நீயும் நன்றாக இரு.”

வேறு சாதியில் கட்டிக்கொண்டேன் என்று இருபத்திரண்டு வருடம் என்னோடு பேசாமலே செத்தவர் அவர். ஒருமுறை கைக்குழந்தையோடு கடைக்குப் போய் நின்றேன். என்னைப் பார்க்காமல் கடையாளிடம், “அந்தம்மாவுக்கு என்ன வேணும்னு கேளு” என்றார். அரைக் கிலோ ஆணி வாங்கிக்கொண்டு, புகுந்த ஊரான அன்னவாசலுக்கு பஸ் ஏறினேன். கொடுமைதான். ஆனால் அந்தக் கோபமாவது அவருடையது. இந்த மன்னிப்பு யாருடையது?

“பாத்தியாத்தா, ஒங்கப்பா மனசு எறங்கிட்டாரு” என்று சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிடக் கேவலம், என் கண்ணும் கலங்கிவிட்டது. ஒரு பொம்மை என்னை மகளே என்று கூப்பிட்டதற்கு.

பந்திக்குப் போகும் வழியில் தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். “நீயும் அதுல வரணும்னு நாந்தான் எழுதிக் கொடுத்தேன்க்கா. ஒனக்கு மனசு ஆறும்ல.”

“இருபத்திரண்டு வருசம் அவருகூட ஒரே வீட்ல சோறு தின்னியே. அக்காகிட்டப் பேசுங்கப்பான்னு ஒரு நாளாவது சொன்னியா?”

அவன் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டான். ஐம்பது வயதாகிறது, மருமகன் வந்துவிட்டான்.

“எப்படிக்கா சொல்றது, திட்டுவாருல்ல” என்றான்.