தாலெத்தும் ரேஷும்

ஒஸ்லோவில், யூதத் தொழுகைக்கூடத்தோடு சேர்ந்த பள்ளியில், ஞாயிறுதோறும் சிறு பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்துகள் சொல்லிக்கொடுத்துவந்தேன். நான் ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் வளர்ந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கப் பெண். கணவரின் மதத்துக்கு மாறியபோதுதான், வளர்ந்த வயதில் தட்டுத்தடுமாறி அந்த எழுத்துகளைப் படித்தேன். அதனாலேயே ஆரம்ப வகுப்பை என்னிடம் தந்தார்கள். தாக்குதல் பயத்தால் வாசலில் பொலிஸ் வாகனம் நிற்கும். காவலாளி பைகளைச் சோதித்த பிறகே உள்ளே விடுவார். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என் எட்டு வயது மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பனி கொட்டத் தொடங்கியபோது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவில் மகளைத் தூங்கவைக்க 'ஷெமா' பாடும் கணவருக்கு இப்போது குரலே எழவில்லை. இறைவன் ஒருவனே என்று முடியும் சின்னப் பிரார்த்தனை அது. மகள் அதைப் புத்தகம் பார்த்துத் தானாக வாசிப்பதைக் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போவேன் என்றார். அவளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

கடைசிச் சொல்லில் அவள் சிக்கிக்கொண்டாள். தாலெத், ரேஷ் என்ற எழுத்துகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம். தாலெத்தின் மூலை கூர், ரேஷின் மூலை வளைவு. 'ஒருவன்' என்று பொருள்படும் 'எகாத்' என்பதை ஒவ்வொரு முறையும் 'எகார்' என்றாள். களிமண்ணில் எழுத்தைச் செய்து மூலையைத் தடவவைத்தேன். மற்றப் பிள்ளைகள் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாமல் நெளிந்தார்கள். நாட்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகும் அவளை விடவில்லை. குளிர்ச்சட்டையைப் போட்டபடி மேசையில் இருந்தாள். இன்னும் ஒருதரம், இன்னும் ஒருதரம் என்று கெஞ்சினேன். அவள் புத்தகத்தைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு அது தாலெத் எண்டு தெரியும் அம்மா," என்றாள்.

"பிறகேன் பிழையா வாசிக்கிறாய்?"

"நான் சரியா வாசிச்சா பப்பா போயிடுவார். அவர்தானே அப்பிடிச் சொன்னவர்."

அவளைக் கட்டிக்கொண்டேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பப்பா நெடுநாள் இருக்கமாட்டார் என்று சொன்னேன். அவள் அழவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

கணவர் மோர்ஃபின் மயக்கத்தில் கண்மூடிக் கிடந்தார். அவர் காதருகே புத்தகத்தைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். பிழையே இல்லை.

"கேட்டவரோ?" என்றாள்.

"தெரியேல்லை, பிள்ளை."

உடனே திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். தாதி வந்து மருந்தை மாற்றிப் போனாள். இவள் நிறுத்தவில்லை. அவர் கண் திறக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

இப்போதும் அதே வகுப்பை எடுக்கிறேன். மகள் என்னோடு வருகிறாள், ஆனால் வகுப்புக்குள் வருவதில்லை. கீழே காவலாளியின் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து படம் கீறுகிறாள். நான் கூப்பிடுவதில்லை.