மஞ்சள் பையைப் பறித்த பத்துமலைக் குரங்கு

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் வேன் மக்கர் செய்தால் சரிசெய்துவிடலாம். வேனில் ஏறியவர் மக்கர் செய்தால் என்ன செய்வதென்று, என்னைப் போல் அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்காவது தெரியுமா?

பிரிக்பீல்ட்ஸில் பசியாறல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் திருச்சியிலிருந்து மனைவியோடு வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கிள்ளானில் இருக்கும் தாய்மாமனை நேரில் அழைத்தாயிற்று. பாக்கி, பத்துமலை முருகனுக்கு ஒரு பத்திரிகை. மாலையில் விமானம், அந்த வாரமே முகூர்த்தம். பசியாறும்போது, பாஸ்போர்ட்டைத் தங்கியிருந்த ஹோட்டலிலேயே கொடுத்து வைக்கச் சொன்னேன். சார் தோசையை அப்படியே விட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"கவர்மெண்டு உத்தியோகம் பார்த்தவன் தம்பி நான். என் பாஸ்போர்ட் என்னை விட்டு எங்கேயும் போகாது."

பாதிப் படியில்

சாரோடு வந்த அம்மாவின் மஞ்சள் பையில் தேங்காய், பழம், பத்திரிகை இருப்பது எனக்குத் தெரியும். இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தது தெரியாது. முருகன் பாதத்தில் வைத்து எடுத்தால் பயணம் நல்லபடியாக முடியுமாம்!

பத்துமலைக் குரங்குக்குப் பை என்றாலே பழம்தான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்தது. பழத்தைத் தின்றது. பத்திரிகையைக் கிழித்தது. அடுத்து ஒரு பாஸ்போர்ட்டைக் கடித்துப் பார்த்தது. சார் கல்லெடுக்கக் குனிந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன். கல்லெறிந்தால் அது உச்சிக்கே போய்விடும். அம்மா குரங்கைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆஞ்சநேயா, சம்பந்தி வீட்டுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?"

கச்சான் பேரம்

என் பையில் கச்சான், அதாவது வறுத்த வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருந்தது. படியில் கொட்டிவிட்டு மூவரும் மூச்சுக் காட்டாமல் பின்வாங்கினோம். குரங்கு யோசித்தது. பிறகு கையிலிருந்ததையெல்லாம் போட்டுவிட்டுக் கச்சானுக்குத் தாவியது. ஒரு பாஸ்போர்ட் படியில் விழுந்தது. இன்னொன்று பாறை இடுக்கில் நழுவிவிட்டது. படியில் விழுந்ததை எடுத்துப் பிரித்தேன். அம்மாவுடையது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு நான் போறேன். நீங்க இருந்து, உங்களோடதைத் தேடி எடுத்துட்டு வாங்க."

சுபாங் விமான நிலையம்

பாறை இடுக்கில் தோள்வரை கையை விட்டுச் சாருடையதையும் எடுத்துவிட்டேன். ஆனால் ஒரு மூலையைக் காணோம். கவுண்டரில் இருந்த சீனப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலதிகாரியிடம் கொண்டுபோனாள். வெகுநேரம் ஆளையே காணோம். சார் முகம் வெளுத்துவிட்டது.

"உங்க பாஸ்போர்ட் சரியா இருக்கு, நீங்களாவது உள்ளே போங்கம்மா" என்றேன். அம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர் வராம நான் எங்க தம்பி போறது?" என்றார். காலையில் படியில் பேசியவரா இவர்!

அந்தப் பெண் ஒருவழியாகத் திரும்பி வந்தாள். பாஸ்போர்ட்டைப் போர்டிங் கார்டோடு சாரின் கையிலேயே வைத்தாள்.

"பத்து கேவ்ஸ் மங்கி, ஆ? நெக்ஸ்ட் டைம் பனானா ஒன்லி லா, அங்கிள்!"

வழிகாட்டி என்று வேனில் எழுதி வைத்திருப்பவன் நான்தான். ஆனால் அன்று அந்தத் தம்பதியை மகள் கல்யாணத்துக்கு அனுப்பி வைத்தது என்னவோ, ஒரு பொட்டலம் கச்சானுக்கு மனமிரங்கிய குரங்குதான்.