லிஸ்ட்ல காணாமப்போன எறங்கு வழி

பிளேன் ஓட்டுறவங்கள பின்னாடி உக்கார வச்சு கார் ஓட்டுறதுதாங்க என் பொழப்பு. வானத்துல அவங்க ராசா, பசுமலை டிராபிக்ல நான் ராசா. போன் மேப்ப நம்பி முட்டுச்சந்துல போயி நின்னு, தெருவே வேடிக்கை பார்க்க ரிவர்ஸ்ல வந்தவங்க யாராச்சும் இதப் படிச்சீகன்னா, நீங்க நம்ம ஆளு. அம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்ச பைலட்டுக்கும் இதே பாடுதான்னு தெரிஞ்சா மனசுக்கு ஒரு சொகம் பாருங்க.

சார்ஜர் கேட்ட கேப்டன்

முன்னெல்லாம் பைலட்டுக ஆளுக்கொரு தடிப்பெட்டி தூக்கிட்டு வருவாக. தொறந்தா உள்ள பூராம் படம். எந்த ஊர்ல எப்புடி எறங்கணும்னு கோடு கோடாப் போட்டிருக்கும். அத டிக்கில ஏத்துறதுக்குள்ள என் இடுப்பு கழண்டுரும். இப்ப அம்புட்டையும் சிலேட்டு கணக்கா இருக்குற ஒரு டேப்புக்குள்ள அடைச்சுட்டாங்க. அந்த டேப்பு இல்லாம பிளேன் பக்கத்துலயே போகக்கூடாதாம்.

ஒரு கேப்டன் கார்ல ஏறுன ஒடனே வணக்கம் கூடச் சொல்லல, சார்ஜர் இருக்கான்னாரு. டேப்புக்கு சார்ஜ் போட மறந்துட்டாராம். "ஏன் சார், இது பஸ் டிரைவர் டீசல் போட மறந்த மாதிரியில்ல இருக்கு?"ன்னேன். அவரு கோவப்படல. வயரச் சொருகிட்டுச் சொன்னாரு: "பாண்டி, நீ மெதுவாவே போ. இன்னைக்கு ஒன் வேகத்தவிட இது ஏறுற வேகம்தான் முக்கியம்."

மனப்பாடக்காரன் வேண்டாம்

சுமதி மேடம் பெரிய கேப்டன். கோயம்புத்தூர்க்காரங்க. மத்த பைலட்டுகளுக்குப் பக்கத்துல உக்காந்து பரீட்சை வைக்கிறதும் அவங்கதான். ஒரு நாள் வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன், "ஏன் மேடம், மேல இருந்து பார்த்தா ரன்வே தெரியுமே, நேரா எறங்க வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டு படம்?"

சிரிச்சுட்டுச் சொன்னாங்க. மேகம் மூடிக்கிட்டா கீழ ஒண்ணும் தெரியாதாம். கண்ணு தெரியாம எறங்க ஒவ்வொரு ரன்வேக்கும் சில வழி போட்டு வச்சிருக்காங்க. ஒண்ணு தரையில இருந்து வார ரேடியோ சிக்னலப் பிடிச்சு எறங்குறது, இன்னொண்ணு சேட்டிலைட்ட வச்சு எறங்குறது. எந்த எடத்துல எம்புட்டு ஒயரம்னு கணக்கு. சொன்ன ஒயரத்துக்கு வந்தும் ரன்வே தெரியலையா, பேசாம மேல ஏறிரணும். இந்த வழியெல்லாம் டேப்புல லிஸ்டா வரும், வேணுங்கிறதத் தொட்டு எடுத்துக்கணும். "லிஸ்ட்ல இல்லாத வழி நமக்குத் தெரிஞ்சிருந்தா?"ன்னு இழுத்தேன். சிரிப்பு போயிருச்சு. "லிஸ்ட்ல இல்லைன்னா அது நமக்கு இல்லைங்க. மனப்பாடமாத் தெரியும்னு சொல்றவன் கூட நான் பறக்க மாட்டேன்."

கோரிப்பாளையத்துல வேர்த்த தம்பி

ஜாகிர் தம்பி கோரிப்பாளையத்துப் புள்ள. வருசக்கணக்கா காத்தாடி வச்ச சின்னப் பிளேன் ஓட்டிட்டு, இப்பத்தான் பெரிய ஜெட்டுக்கு மாறி வந்திருக்கு. அன்னைக்கு சுமதி மேடம் பக்கத்துல உக்காந்து கடைசிப் பரீட்சை. தேறுனா ஜெட்டு நெரந்தரம், தேறலைன்னா மறுபடியும் மொதல்ல இருந்து டிரெயினிங்கு. அவங்கம்மா வாசல் வரைக்கும் வந்து, "பாண்டியண்ணே, நான் துவா செய்யிறேன், நீங்களும் மீனாச்சிகிட்ட ஒரு வார்த்த போட்டு வைங்க"ன்னாங்க. ரெண்டு பக்கமும் சிபாரிசு. புள்ளைக்கு என்ன கொறைன்னு வண்டிய எடுத்தேன்.

சிக்னல்ல நிக்கிறப்ப பார்த்தா தம்பிக்கு ஏசிக்குள்ள வேர்க்குது. போற ஊர்ல அன்னைக்கு ரேடியோ சிக்னலப் பராமரிப்புக்காக நிறுத்தி வச்சிருக்காங்களாம். அப்ப சேட்டிலைட் வழிதான் கதி. தம்பி டேப்புல லிஸ்டத் தொறந்தா, அந்த வழிய மட்டும் காணோம்! அணைச்சு அணைச்சுப் போட்டுச்சு. அப்டேட் பார்த்துச்சு, எல்லாம் புதுசுதான். வழி மட்டும் வரல. "தம்பி, கல்யாணப் பத்திரிகையில மாப்ள பேர மட்டும் விட்டுட்டாக போல"ன்னேன். சிரிக்கல. கூடப் படிச்ச சிநேகிதனுக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டுச்சு. அவன் தன் டேப்புல அதே ஆப்பத் தொறந்து பார்த்துட்டு, "எனக்குப் பளிச்சுனு இருக்குடா மாப்ள. இன்னைக்குப் பரீட்சை ஒனக்கா, ஒன் டேப்புக்கா?"ன்னான்.

பெருங்குடி ஆட்டு மந்தை

பசுமலை ஓட்டல் வாசல்ல மேடம் நின்னாங்க. அவங்க ஏறுறதுக்குள்ள தம்பி காதுல போட்டேன்: "மூச்சு விடாதீக. மேலே போயி அவங்க டேப்ப எட்டிப் பார்த்துச் சமாளிங்க." பரீட்சையில நான் சமாளிச்ச ஒரே முறை அதுதான். அதுனாலதான் அஞ்சாப்ப தாண்டல. தம்பி தலையாட்டுச்சு. ஆனா மேடம் கதவச் சாத்துன ஒடனே, "மேம், என் லிஸ்ட்ல அந்த வழி வரல, ஏன்னு தெரியல"ன்னு போட்டு ஒடச்சிருச்சு. எனக்குப் பிரேக்கு எதுன்னே மறந்துபோச்சு.

மேடம் திட்டல. "சொன்னது நல்லதுங்க. ஆனா இன்னைக்கு நான் பரீட்சை வைக்கிறவ, எங்க தப்புன்னு சொல்லித் தர முடியாது. ஏர்போர்ட் கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி காரணம் கண்டுபிடிங்க. இல்லைன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும்"ன்னுட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பெருங்குடி ரோட்டுல ஒரு ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சு. நம்ம ஆடு இல்ல, ஆனா அன்னைக்கு என் சொந்தமாத் தெரிஞ்சுச்சு. ஹாரன் அடிக்காம ஒவ்வொரு ஆட்டுக்கும் மரியாதையா வழி விட்டேன். பின்னாடி தம்பி டேப்ப மேலயும் கீழயும் தள்ளிட்டே இருந்துச்சு. திடீர்னு "யா அல்லா!"ன்னு நெத்தியில அடிச்சுக்கிருச்சு. மூலையில பொடி எழுத்துல, நீ ஓட்டுற பிளேன் எதுன்னு ஒரு எடம் இருக்காம். அதுல அந்தப் பழைய காத்தாடிப் பிளேன் பேரே கெடக்கு! அந்தப் பிளேன்ல சேட்டிலைட்டப் பிடிச்சு எறங்குற சாமான் கெடையாது. அதுனால ஆப்பு, ஒனக்கு எதுக்கு இந்த வழின்னு நல்ல எண்ணத்துல மறைச்சு வச்சிருக்கு. தம்பி ஜெட்டுக்கு மாத்துச்சு, வழி வந்து வரிசையில நின்னுச்சு. "போன் மேப்புல பைக்குப் படத்தத் தொட்டா சந்து காட்டும், காரத் தொட்டா காட்டாதுல்லண்ணே, அதே கததான்"னு எனக்கு வெளக்கம் வேற. மேடம் டேப்ப வாங்கிப் பார்த்தாங்க, தலைய ஆட்டுனாங்க, ரோட்டப் பார்த்தாங்க. "பாண்டி, ஆடு போயி ரொம்ப நேரமாச்சுங்க. இனி நகரலாம்."

அம்மா சொன்ன வழி

சாயங்காலம் ரெண்டு பேரும் வெளிய வந்தாக. தம்பி மூஞ்சியில ஈ ஆடல. ஏத்திக்கிட்டு வண்டிய எடுத்தேன். கண்ணாடிய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேடம்தான், "பின்னாடி வர்ற வண்டியப் பாருங்க பாண்டி, ஜாகிர் மூஞ்சியப் பார்க்காதீங்க. பாஸ்தான்"னாங்க. அப்பத்தான் அந்த மூஞ்சி அவுந்துச்சு. போன ஊர்ல ஒரே மேகமாம், வெளிய வெள்ளத் துணி போத்துன மாதிரி. "இதுக்கு மேல எறங்கக் கூடாதுங்கிற ஒயரம் வர்றதுக்குச் சித்த முன்னாடி, ரன்வே நேரா கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சுண்ணே"ன்னு தம்பி ரெண்டு கையையும் நேரா நீட்டிக் காட்டுச்சு. மேடம் சன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சத நான் பார்க்காத மாதிரி ஓட்டுனேன்.

அம்மாவுக்குப் போன் போட்டுச்சு. நான் கூட அழுவாங்கன்னு நெனச்சேன். ஸ்பீக்கர்ல கணீர்னு வந்துச்சு: "அல்ஹம்துலில்லா! சரிடா, பாலத்துக்கிட்ட குழி தோண்டிப் போட்டிருக்காங்க, அந்த வழியா வந்துறாதீக, பாண்டியண்ணன சுத்தி வரச் சொல்லு!"

பறக்குறவன் பொழப்பும் நம்ம பொழப்பும் ஒண்ணுதாங்க, போறதெல்லாம் லேசு, பத்திரமா வந்து நிறுத்துறதுலதான் பாதி உசுரு போகுது.