பருத்திப்பட்டிலிருந்து பருத்திப்பட்டுக்கு: க்ரூசரில் ஒரு சுற்று

காலை 6.15, பருத்திப்பட்டு. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசைக்கு நேற்று மாலையே போய்வந்துவிட்டதால் இன்றைய காலை முழுவதும் என் கையில். எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி என் க்ரூசர் பைக் நிற்கிறது. ஆறு மாதமாக ஓடாமல் கிடந்த வண்டியை மெக்கானிக் எடுத்துப்போய், ஆயிலும் பேட்டரியும் மாற்றி, நேற்று சாயங்காலம் அங்கேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பட்டனை அழுத்தினேன். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. இரண்டாவது மாடியில் என் கணவர் அருள் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். கையை ஆட்டினேன். அவர் பிரஷ்ஷை ஆட்டினார்.

புறப்படும் இடம் பருத்திப்பட்டு, போய்ச் சேரும் இடமும் அதுவே. ஆவடி, அம்பத்தூர், மண்ணூர்பேட்டை, வானகரம், குமணன்சாவடி என்று ஒரு வட்டம். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. க்ரூசரில் லடாக் போனவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். க்ரூசரில் தினமும் வேலைக்குப் போனவர்கள்தான் வாயே திறக்கவில்லை. என் வண்டி ஒன்பது வருஷத்தில் எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அதில் முக்கால்வாசி பருத்திப்பட்டுக்கும் மண்ணூர்பேட்டைக்கும் நடுவில் ஓடியது.

இன்றைய சுற்றுக்குக் காரணம் இருக்கிறது. ஆறு மாதம் முன்பு எனக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். கனமான எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது என்று அப்போது சொன்ன டாக்டர், போன வாரம், "இனிமே வண்டி ஓட்டலாம், ஆனா வீரம் காட்டாதீங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். அருளுக்குப் பயம். வண்டி நூற்று எழுபத்தைந்து கிலோ, நான் ஐம்பத்திரண்டு. நாலு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு அவர் ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா, ஸ்டெல்லா. எங்கயாவது உன்னால தனியா வண்டியத் தள்ளி எடுக்க முடியலன்னா, வித்துடலாம். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். வாங்குவதற்கு ஆளும் தயார். பக்கத்து பிளாக் செந்தில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், ஒரு வருஷமாக என் வண்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாலை ஐந்து மணிக்கு வந்து பதில் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.

காலை 6.45, ஆவடி. ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டத்தைத் தாண்டி, மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து, பெட்ரோல் பங்கில் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன். பங்கில் புதுப் பையன். "அண்ணன் வண்டியாம்மா?" என்றான். இந்தக் கேள்விக்கு ஒன்பது வருஷமாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. "ஆமாம்பா, அண்ணன் துபாய்ல இருக்கான்" என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

நான் ஐந்தடி. மற்ற பைக்குகளில் உட்கார்ந்தால் கட்டைவிரல்தான் தரையைத் தொடும். க்ரூசரின் சீட் தாழ்வு. இரண்டு பாதமும் முழுசாக ஊன்றலாம். இந்த ஒரே காரணத்துக்காக வாங்கியது. ஸ்கூட்டர் வாங்கினால் ஆகாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதிலும் பத்து வருஷம் போனவள்தான். நம் சாலைப் பள்ளங்களில் இறங்கி ஏறியதில் இடுப்பு கழன்று கையில் வராததுதான் பாக்கி.

காலை 7.15, திருமுல்லைவாயில் தாண்டி. வாங்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சி.டி.எச். சாலைக்கும் க்ரூசருக்கும் ஏழாம் பொருத்தம். வண்டி நீளம் என்பதால் ஒரே மூச்சில் யூ டர்ன் எடுக்க முடியாது. பின்னால் நிற்கிற பஸ் டிரைவர் பாட்டனார் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். ஹேண்டில் அகலம், மற்றவர்கள் நுழைகிற சந்தில் நாம் நுழைய முடியாது. உயரமான வேகத்தடைகளில் வண்டியின் வயிறு உரசும். சிக்னலில் நின்றால் வலது கால் பொரியும். லிட்டருக்கு முப்பத்தைந்து கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். ஆனால் ஒன்பது வருஷத்தில் என்னை நடுவழியில் விட்டது ஒரே ஒரு முறை, அதுவும் நான் பெட்ரோல் போட மறந்த அன்று.

வேலைக்குப் போகும்போது அருள் பின்னால் உட்கார்ந்து வருவார், அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை குறைவு, அதனால் லைசென்ஸுக்கே போகவில்லை. பெண்டாட்டி ஓட்டப் பின்னால் உட்காருகிறான் என்று கிண்டல் செய்தவர்களிடம், "காசு குடுத்தாலும் இந்த சீட் உங்களுக்குக் கெடைக்காது" என்பார். இன்று பின்சீட்டு காலி. முதுகுப் பக்கம் காற்று அடிப்பது புதிதாக இருந்தது.

காலை 7.45, மண்ணூர்பேட்டை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேட். ஞாயிறு என்பதால் லாரிகள் இல்லை, ஒரு நாய் மட்டும் சாலை நடுவில் படுத்திருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா மேடம், லீவு நாள்ல வந்துகீறீங்க? ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா இருக்குண்ணே. சும்மா வண்டிய ஓட்டிப் பாக்க வந்தேன்."

"வண்டி சவுண்டு கேக்காம கேட்டே சோந்து போச்சு மேடம். சீக்கிரம் டூட்டிக்கு வாங்க."

நாளை முதல் வருவேன் என்றேன். எதில் வருவேன் என்று சொல்லவில்லை. உள்ளே நான் பார்ப்பது தரச் சோதனை. எந்திரத்திலிருந்து வரும் உருப்படி அளவுக்குப் பொருந்தினால் பெட்டிக்குள், பொருந்தாவிட்டால் குப்பைக்கு. சூப்பர்வைசர் வந்து மெஷின் சூடாகிவிட்டது, ஆள் புதுசு என்று ஆயிரம் காரணம் சொல்வார். நான் எதையும் காதில் வாங்குவதில்லை. அதனாலேயே அங்கே எனக்கு நண்பர்கள் கம்மி.

காலை 8.20, வானகரம். எஸ்டேட்டிலிருந்து அயனம்பாக்கம் வழியாக எட்டுக் கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆறு மாதத்தில் முதல் முறையாக ஐந்தாவது கியர் போட்டேன். தடதடப்பு அடங்கி வண்டி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. இந்த வண்டி இதற்குத்தான் பிறந்தது, பாவம் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டையே கதி என்று கிடக்கிறது. கன்டெய்னர் லாரி ஒன்றை முந்தினேன். அடிவயிற்றில் வலி இல்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்கு நானே பாடிக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம். விற்கப் போவதில்லை என்று அந்த இடத்தில் முடிவே செய்துவிட்டேன்.

காலை 8.40, குமணன்சாவடி. பசி. க்ரூசர் வைத்திருப்பவர்களின் முதல் பாடம், வண்டியின் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தாதே. ரிவர்ஸ் கியர் கிடையாது, இறக்கத்தில் உருட்டி நிறுத்தியதை ஏற்றத்தில் பின்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். எங்கே போனாலும் வளைத்துத் திருப்பி, சாலையைப் பார்த்து நிறுத்துவதுதான் என் பழக்கம். ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மிதப்பு. பின்னால் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துப் பிராணனை வாங்கியது. டிபன் கடை முன்னால் எல்லா ஸ்கூட்டர்களும் மூக்கை உள்ளே விட்டு நின்றன. நானும் அப்படியே விட்டுவிட்டேன். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் கடை வாசல் முக்கால் அடி கீழே போய்விட்டது. தரையெல்லாம் ஜல்லி.

இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். சட்னியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து ஏறி உட்கார்ந்து காலால் உந்தினேன். ஒரு சாண் வந்தது, திரும்ப இறங்கிவிட்டது. மறுபடி உந்தினேன். ஷூவுக்கடியில் ஜல்லி உருண்டது. கீழே இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொடுத்துத் தள்ளினேன். தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். வியர்த்துக் கொட்டியது.

ஓரமாக நின்ற ஆட்டோவிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். "இன்னாக்கா, ஸ்டார்ட் ஆவலியா?"

"அதெல்லாம் ஆவுது. பின்னால வரமாட்டேங்குது."

அவர் சுற்றிவந்து பார்த்தார். பிறகு டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டார். "டேய் மாமே, வந்து ஒரு கை குட்ரா. அக்கா வண்டி பள்ளத்துல குந்திகினு கீது."

ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். மூன்றே இழுப்பில் வண்டி சாலைக்கு வந்துவிட்டது.

"நல்ல வெயிட்டா கீதே! அண்ணாத்த வண்டியா?"

"என் வண்டிதான்."

"அப்ப அண்ணாத்த இன்னா ஓட்றாரு?"

"அவரு ஓட்டமாட்டாரு. பின்னால உக்காருவாரு."

"குடுத்து வெச்ச மன்சன்க்கா!" என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தனியாக எடுக்க முடியவில்லை, அருளின் கண்டிஷன் ஞாபகம் வந்துவிட்டது.

காலை 9.30, கரையான்சாவடியிலிருந்து காடுவெட்டி வரை. ஆறு கிலோமீட்டரும் எனக்குள் வழக்கு நடந்தது. ஜல்லி வழுக்கியது, பள்ளம் அதிகம், தையல் முழுசாக ஆறவில்லை, நிறுத்திய இடமே தப்பு. எல்லாம் உண்மை. இதில் எதையாவது சொல்லி அருளைச் சமாளிக்க எனக்குத் தெரியும். சொல்லாமலே விட்டாலும் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மற்றவர்கள் சொல்லும் காரணங்களை வருஷக்கணக்காகத் தூக்கிக் குப்பையில் போட்டவள், தனக்கு மட்டும் எப்படி விதிவிலக்கு கேட்பது? கூவம் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினேன். இனி இதில் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 10.00, பருத்திப்பட்டு. மீட்டரில் மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டியைக் கீழ்த்தளத்தில் எங்கள் இடத்தில் விட்டுவிட்டு, மேலே போய் அருளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோபப்படுவார், இல்லாவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் செந்திலுக்குப் போன் செய்தார்.

மாலை 5.00. செந்தில் குளித்து, திருநீறு இட்டு, பெண் பார்க்க வருகிறவன் மாதிரி வந்தான். ஆறடி உயரம், ஜிம்முக்குப் போகிற தோள். மூன்று பேரும் கீழே இறங்கினோம். சாவியைக் கொடுத்து, "ஓட்டிப் பாருப்பா" என்றேன்.

எங்கள் பார்க்கிங் தெருவைவிடத் தாழ்வு. இரண்டு தூண்களுக்கு நடுவே, மூக்கைச் சுவரில் முட்டினாற்போல்தான் வண்டியை நிறுத்த முடியும். ஊரெல்லாம் சாலையைப் பார்த்து நிறுத்துகிறவளுக்கு வீட்டில் மட்டும் அந்த வசதி இல்லை. செந்தில் ஏறி உட்கார்ந்து உந்தினான். டைல்ஸில் ஷூ வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உந்தினான். கொஞ்சம் வந்த வண்டி முன்னால் உருண்டு பழைய இடத்துக்கே போனது.

"என்னக்கா, இவ்வளவு வெயிட்டா இருக்கு?"

அருள் கைலியை மடித்துக் கட்டினார். வண்டிக்குப் பின்னால் போனார். பின்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். "வா... வா... வா... லெஃப்ட்ல தூணப் பாத்து... வா" என்று சொல்லிக்கொண்டே, காலைப் பின்னால் ஊன்றி இழுத்தார். வண்டி சமர்த்தாக வெளியே வந்தது.

அந்த "வா, வா" எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். வேலைக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஹேண்டில் தூணில் உரசிவிடாமல் நான் இடது பக்கமே பார்த்துக்கொண்டு எடுப்பேன். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்துச் சொல்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கை வைத்து இழுக்கிறார் என்று தெரியாது.

"என்னங்க, டெய்லி இப்படித்தான் இழுப்பீங்களா?"

"பின்ன? வாயால வா வான்னா வண்டி வந்துடுமா?"

"அப்புறம் எதுக்குத் தனியா எடுக்கணும்னு கண்டிஷன் போட்டீங்க?"

அருள் இன்னும் கம்பியை விடவில்லை. "இத நான் ஒரு வேலையாவே நெனைக்கல ஸ்டெல்லா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. செந்தில் எதிரிலேயே அழுதேன். அவன் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஹேண்டிலைத் துடைத்தான். இந்த வீட்டிலிருந்து ஒரு நாள்கூட நான் தனியாக வெளியே எடுக்காத வண்டி. தனியாக எடுக்க முடியவில்லை என்று அதை விற்கப் பார்த்திருக்கிறோம்.

"தம்பி, மன்னிச்சுக்கப்பா. வண்டி விக்கல" என்றேன்.

"அப்ப கண்டிஷன்?" என்றார் அருள்.

"மாத்தியாச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்க முடியாத அன்னைக்கு வித்துடலாம்."

அருள் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு செந்திலின் தோளில் கையை வைத்து, "தம்பி, நீ வேற வண்டி பாருப்பா" என்றார்.