காளியண்ணன் முகம் இருந்த ஹார்ட் டிஸ்க்

சோளக்காடு என்ற மலையூரில் மிளகுக் கடை வைத்திருந்த சுரேந்தரைக் கட்டிக்கொண்டு ராதிகா மலையேறியபோது, சீர் சாமான்களோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் லாரியில் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவள் நாமக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோக்களைத் திருத்தும் வேலை பார்த்தவள். அங்கே கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"மலைல கரண்டே ஒழுங்கா வராது. இதை எதுக்குக் கண்ணு ஏத்தறே?" என்றார் அவள் அப்பா.

"வர்றப்ப வேலை செய்யறேனுங்கப்பா."

அப்படித்தான் செய்தாள். ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி, மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளான குண்டூர் நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் கல்யாணம், காதுகுத்து எங்கே நடந்தாலும் போனாள். பஸ் போகாத ஊருக்கு நடந்தே போவாள். கேமராவைக் கண்டதும் மரம் மாதிரி விறைத்து நிற்பவர்களிடம் மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பாள். அவர்கள் தன்னை மறந்து சிரிக்கும்போது பட்டனை அமுக்குவாள். அத்தனை படங்களும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கம்ப்யூட்டருக்குள் இடம் போதாமல், அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சுஹைலிடம் வாங்கியது அது.

2007 ஆடிப் பதினெட்டுக்கு மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டமான கூட்டம். மறுநாள் காலையில் குண்டூர் நாட்டுப் பாவாயி அழுதுகொண்டே ராதிகா வீட்டுக்கு வந்தாள்.

"அப்பாவைக் காணோம் கண்ணு. கூட்டத்துல கையை உட்டுட்டாரு. ராவெல்லாம் தேடிட்டோம்."

பாவாயியின் அப்பா காளியண்ணனுக்குக் கொஞ்ச காலமாகவே மறதி. பெயர் கேட்டால் சொல்வார், ஊர் கேட்டால் விழிப்பார். கீழே போலீஸில் போட்டோ கேட்டார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த படம் கரி பூசினாற்போல இருந்தது. பேத்தி கல்யாணத்தில் ராதிகா எடுத்த படம்தான் அவருக்கு இருந்த ஒரே நல்ல படம். அந்த ஆல்பமோ மாப்பிள்ளை வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட்டது.

"இருக்குங்கக்கா, இப்பவே எடுத்துத் தர்றேன்" என்று ராதிகா டிஸ்க்கைச் சொருகினாள். விளக்கு எரிந்தது. டிக், டிக் என்று சத்தம் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கிச் சொருகினாள். அதே டிக், டிக்.

"இன்னொருக்கா சொருகிப் பாரேன்" என்றான் சுரேந்தர்.

"வேண்டாங்க. என்னன்னு தெரியாம சும்மா சும்மா சொருகினா இருக்கறதும் போயிரும்."

டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஏதோ சுற்ற ஆரம்பித்து, முடியாமல் நின்று, மறுபடி முயல்வது போலிருந்தது. உடனே சுஹைலுக்குப் போன் போட்டாள்.

"கம்ப்யூட்டருக்கு முன்பக்கத்து ஓட்டைலயா சொருகியிருக்கீங்க?" என்று கேட்டான் அவன். "அதுல கரண்டு பத்தாதுங்கக்கா. பின்னாடி சொருகுங்க. டிஸ்க்கோட ரெண்டு தலை வச்ச ஒயரு ஒண்ணு குடுத்தேனே, அது இருக்குதுங்களா?"

ஒற்றை ஒயரே போதும் என்று அதை எடுத்து வைத்திருந்தாள். தேடி எடுத்து, இரண்டு தலையையும் பின்பக்கம் சொருகினாள். டிக் டிக் நின்றது. சீரான ரீங்காரம் கேட்டது. பாவாயி கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் திரையில் இன்னும் டிஸ்க் வரவில்லை.

சுஹைல் பொறுமையாக வேறொரு வழி சொன்னான். கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் டிஸ்க்குகளையெல்லாம் காட்டும் பக்கம் ஒன்று திறந்தது. அங்கே அது இருந்தது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் தரும் D, E போன்ற அடையாள எழுத்து மட்டும் இதற்கு இல்லை. போன வாரம் கேமரா அட்டை படிக்க வாங்கிய கருவி, டிஸ்க்கின் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"டிஸ்க்குக்கு வேற எழுத்துக் குடுத்தாப் போதுங்கக்கா. ஆனா பார்த்து. எழுத்து மாத்தறதுக்கு நேர் கீழேயே ஃபார்மட்னு இருக்கும். அதைத் தொட்டா அத்தனையும் அழிஞ்சிரும்."

ராதிகா மவுஸிலிருந்து கையை எடுத்து, வேர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் போனில் படித்துக் காட்டி, அவன் "அதேதான்" என்ற பிறகே அமுக்கினாள்.

டிஸ்க் திறந்தது.

முதல் வேலையாகக் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தாள். பந்தல் காலில் சாய்ந்தபடி வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரித்தார் காளியண்ணன். பாவாயி திரையைத் தொட்டுப் பார்த்து விசும்பினாள். பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்திருந்ததால் முதல் படத்தில் முகம் நீலம் பாரித்து வந்தது. அதைப் பாவாயி கண்ணில் காட்டாமல் ராதிகா கிழித்துப் போட்டாள். கறுப்பு வெள்ளையாக மாற்றினாள். முகம் துலக்கமாக விழுந்தது.

படத்தைக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்திருக்கலாம். ஆனால் சுரேந்தரின் கடை வேனிலேயே பாவாயியோடு அவளும் கீழே இறங்கினாள். ஸ்டேஷனில் ஒரு படம் கொடுத்துவிட்டு வரும்போது கேட்டாள்:

"ஏனுங்கக்கா, கோயில்ல அவரு என்ன பேசிட்டிருந்தாரு?"

"சந்தைக்கு நேரமாச்சு, நேரமாச்சுன்னே சொல்லிட்டிருந்தாரு."

"எந்தச் சந்தைக்கு மிளகு கொண்டுபோவாருங்க?"

"பேளுக்குறிச்சிக்கு" என்ற பாவாயி, சொன்ன வாயை மூடவில்லை.

வேன் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குத் திரும்பியது. சந்தைத் திடல் காலியாகக் கிடந்தது. அருகே பெட்டிக்கடை வைத்திருந்த ராமாயி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இந்தப் பெரியவரா? காலைல முதல் பஸ்ஸுல வந்து இறங்கினதுல இருந்து பின்னாடி கொட்டகைலதான் உக்காந்திருக்காரு. பேரைக் கேட்டாச் சொல்றாரு, ஊரைக் கேட்டா மலைங்கறாரு. நான்தான் ரெண்டு இட்லி வாங்கிக் குடுத்தேன்."

மகளைப் பார்த்ததும் காளியண்ணன், "மிளகு மூட்டை வந்திருச்சா சாமி?" என்றார்.

"வந்திருச்சுங்கப்பா. வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றாள் பாவாயி. ராதிகா வேன் கதவைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. இத்தனை பேருடைய முகத்தை ஒரே டப்பாவில் வைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. கரண்டு வந்தபோதெல்லாம் ஒவ்வொரு குடும்பத்துப் படங்களையும் சிடியில் ஏற்றினாள். ஊர் ஊராகப் போய், "இது உங்க ஊட்டுலயும் இருக்கட்டும்" என்று கொடுத்தாள். அந்த டிஸ்க் அடுத்த தையில் ஒரேயடியாக ஓய்ந்தபோது ஒரு படம்கூடத் தொலையவில்லை.

திருப்புலி நாட்டில் கருப்பண்ணன் என்பவர் மட்டும், அவள் கொடுத்த சிடியைத் தினைக்காட்டில் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வெயிலில் அது பளபளவென்று சுற்றியது. ராதிகா வயிறு வலிக்கச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, அவருக்கு இன்னொன்று போட்டுக் கொடுத்தனுப்பினாள்.