அப்பாவின் இசைத்தட்டில் ஒரு மணி

என் அப்பா ஒரு ராக் ஸ்டார் என்று, கடல் கடந்து நாங்கள் குடியேறிய ஹில்ஸ்பரோவில் என் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் நம்பவில்லை. வழுக்கை விழுந்து, டை கட்டி, காலை பஸ்ஸில் வேலைக்குப் போகிற மனிதரை யார்தான் நம்புவார்கள்?

ஆனால் வீட்டில் இசைத்தட்டு இருந்தது. உறையில் தோள்வரை முடி வைத்த நான்கு பேர். நடுவில் கிட்டாரோடு அப்பா. அறுபதுகளில் ஈப்போவில் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்த அந்த நால்வரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம். பிறகு சைக்கடெலிக் ராக் என்ற கிறக்கமூட்டும் இசையில் இறங்கி, ஒரு பாட்டில் கிட்டாருக்கு நடுவே வீணையை மிதக்கவிட்டார்கள். கடைசியில் எங்கோ ஒரு மணி ஒலிக்கும். வீணை சட்டென்று நின்றுவிடும். அந்த முடிவில்தான் பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை கிறுகிறுத்துப் போனதாம். வானொலியில் ஓயாமல் போட்டார்கள், அவர்கள் வாசித்த தியேட்டர்களில் டிக்கெட் கிடைக்கவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது, பக்கத்து த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில் நடந்த தீபாவளி விருந்துக்கு அந்த இசைத்தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். கூடவே இரண்டு வகுப்புத் தோழிகளையும் அழைத்திருந்தேன். இன்றைக்கு அவர்கள் நம்பியே ஆக வேண்டும். இசைத்தட்டைப் போட்டு, பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும், வீணை சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர் எழுந்தார்.

"அந்த வீணை ஆர் வாசிச்சது? நல்லாப் பழகின கை."

"மை டேட்!" என்று கத்தினேன்.

அப்பா என் கையிலிருந்து உறையை வாங்கினார். "இல்லம்மா. அது உங்கம்மா. வீட்டுக்குத் தெரியாம வாசிச்சாங்க, பேரு போட முடியல."

மண்டபமே திரும்பியது. தாம்பாளத்தோடு நின்ற அம்மா, "வடை ஆறுது, எடுத்துக்குங்க" என்றார். மாமி தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். தோழிகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு ராக் ஸ்டாரைக் காட்ட வந்தவளுக்கு இரண்டு பேர் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேன், அந்த மணி யாருடைய யோசனை என்று.

அம்மா சிரித்தார். "யோசனையாவது! அது எங்க வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மணி. வெள்ளிக்கிழமை எங்கப்பா, அதான் உன் தாத்தா, பூசைக்குப் போவாரு. அப்பத்தான் உங்கப்பா டேப் ரெக்கார்டரோட பின்வாசல்ல வருவாரு. மணி அடிச்சா பூசை முடிஞ்சு தாத்தா வீட்டுக்கு வந்துடுவாரு."

நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். திங்கட்கிழமை வகுப்பில் அந்த முடிவை வாயாலேயே வாசித்துக் காட்டினேன்: வீணை, மணி, சட்டென்று மௌனம். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அந்தப் பாட்டை வாசித்து முடிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.