கட்டத்துக்குள் இரண்டு பெயர்கள்

மகளுக்குச் சென்னையில் கணினி வேலை. எழுதவும் திருத்தவும் உதவும் செயலி ஒன்றைச் செய்கிறார்கள். திரையில் நாம் பார்க்கும் பக்கம் உள்ளே ஒரு மரமாம். கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொன்று. வெளிக்கட்டத்தின் குணத்தை மாற்றினால் உள்ளே இருக்கும் அத்தனைக்கும் அது ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு சொல்லை மட்டும் மாற்றப்போய்ப் பத்தி முழுவதும் சிவந்துவிட்டதென்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "அடி போடி, இதையெல்லாம் நாங்க ஈயத்துலயே பாத்தாச்சு" என்றேன். சொன்ன கையோடு சுபேதார் வீட்டம்மாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று வேறு வேலை ஓடவில்லை.

எழுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் 'காலஞ்சென்ற' என்று போட எங்கள் போர்மேனுக்குப் பிடிக்காது; மங்கல காரியத்தில் அந்தச் சொல் எதற்கு என்பார். மறைந்தவர் பெயரைச் சுற்றி மெல்லிய பித்தளைக் கோட்டால் கட்டம் கட்டிவிடுவார். தீவுத் தமிழர்களுக்கும் அவர்களுடைய ஊர்ச் சொந்தங்களுக்கும் அதன் பொருள் தெரியும்.

சுபேதார் வீட்டம்மா மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க, நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து கப்பலேறி வந்திருந்தார். பட்டாளத்தில் ஓய்வுபெற்று அங்கே குடியேறிய சுபேதார், காடு திருத்திய இரண்டாம் மழையிலேயே காய்ச்சலில் போய்விட்டார். மாதிரித் தாளில் அவர் பெயர் கட்டத்துக்குள் இருந்தது. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்த வாசகம் அப்படி.

"பெத்தவ நானு, கஞ்சி ஊத்தி வளத்தவ நானு. எம் பேரு எங்கேப்பா?"

நியாயம்தானே! ஆனால் பூவேலை செய்த வெளிக்கட்டு, அதற்குள் மணமகள் பகுதி, அதற்குள் தகப்பனார் கட்டம் என்று எல்லாம் இறுகிக் கிடந்தது. தகப்பனார் கட்டத்துக்குள் மட்டும் கொஞ்சம் வெற்றிடம். போர்மேன் அவசரத்தில் அம்மாவின் பெயரை அங்கேயே செருகி, அடுத்த மாதிரியை எடுத்து நீட்டினார்.

"அடப் பாவிங்களா! உசிரோட நிக்கிறவளையும் சேத்துக் கட்டிப்புட்டீங்களே!"

போர்மேனுக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பெயரை மட்டும் வெளியே வைக்க மொத்தப் பக்கத்தையும் அவிழ்க்க வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். நிக்கோபார் கப்பலோ மத்தியானம். அடுத்த கப்பல் வருவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

"அரே பாப் ரே! ஜஹாஸ் நிக்காதும்மா, கப்பல் போயிடும். உங்க பேரை எடுத்துடட்டா?" என்றார் போர்மேன்.

"எம் பேரு போவாது." அம்மா தாளில் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். "கோட்ட உருவிடுங்க. ரெண்டு பேரும் இருக்கட்டும்."

கோட்டை எடுத்துவிட்டு அதே கனத்தில் மை படாத ஈயத் தகடு வைத்தால் போதும். வெளியே எதுவும் அசையாது. ஆனாலும் போர்மேன் கைவைக்கத் தயங்கினார்.

"அவரு இருக்கார்னுல்ல ஆயிடும்? மெயின்லேண்டுலேர்ந்து வர்ற சனம், பொண்ணோட அப்பா எங்கேன்னு கேட்டா?"

"டியூட்டிக்குப் போயிருக்கார்னு சொல்றேன். எனக்குக் கண்ணாலம் ஆனதுலேர்ந்து அதத்தானே சொல்லிக்கினு இருந்தேன்."